டைப்பிஸ்ட், தேங்காய், தளபதி

கேட்கப்பட்ட கேள்வி இது: "காணாமல் போன வேலைகளில் நீங்கள் நேரில் பார்த்தவை எவை? அவற்றின் தடயம் இன்று எங்காவது மிச்சமிருக்கிறதா?"

முதல் பாதிக்கு என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும். ஈயம் பூசுகிறவர், அம்மி கொத்துகிறவர், தந்தி கொண்டுவருகிறவர், எஸ்டிடி பூத்தில் நம் பேச்சையும் மீட்டரையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். எல்லோரையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பாதிதான் ருசியான கேள்வி. தடயம் இருக்கிறது. நடிகர்களின் பெயருக்கு முன்னால் இருக்கிறது.

டைப்பிஸ்ட் கோபு என்று ஒரு நகைச்சுவை நடிகர் இருந்தார். 2019-இல் காலமானார். ஒரு நாடகத்தில் தட்டச்சராக நடித்தார். அந்த வேலை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அரசு அலுவலகங்களில் தட்டச்சர் என்ற பதவி இன்னும் இருக்கிறது, குரூப் 4 தேர்வு எழுதி இன்றும் அதற்கு ஆள் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஆள் உட்காருவது கணினி முன்னால். கார்பன் தாளை நடுவில் வைத்து உருட்டி, வரி முடிந்ததும் 'டிங்' என்று மணி அடித்ததும் நெம்புகோலைத் தள்ளுகிற அந்த டைப்பிஸ்ட் போய்விட்டார். 1955-இல் இந்தியாவிலேயே தட்டச்சு இயந்திரம் செய்ய ஆரம்பித்த கோத்ரெஜ் நிறுவனமும் அதை நிறுத்திவிட்டது. பழைய படங்களின் பெயர்ப் பட்டியலில் மட்டும் டைப்பிஸ்ட் இன்னும் பணியில் இருக்கிறார், ஓய்வு வயது தாண்டியும்.

தேங்காய் சீனிவாசனும் அப்படித்தான். 'கல் மனம்' நாடகத்தில் தேங்காய் விற்கிறவராக வந்தார். பார்த்த தங்கவேலு, இனி இவர் தேங்காய் சீனிவாசன் என்று அறிவித்துவிட்டார். அறிவித்த தங்கவேலுவுக்கே 'டணால்' என்று ஒரு முன்னொட்டு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தப் பட்டங்களில் எனக்குப் பிடித்த விஷயம், இவற்றை யாரும் அடைகாக்கவில்லை. 'அடுத்த தேங்காய் யார்?' என்று எந்தப் பத்திரிகையும் கருத்துக்கணிப்பு நடத்தவில்லை. டைப்பிஸ்ட் பட்டம் எனக்குத்தான் என்று எந்த ரசிகர் மன்றமும் பால் குடத்தோடு கிளம்பவில்லை.

ஜெமினி கணேசனுக்கு முன்னால் இருப்பது அவர் நடித்த வேலைகூட இல்லை, பார்த்த வேலை. ஜெமினி ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருந்தவர். ஏற்கெனவே ஒரு கணேசன் சிவாஜியாகி உச்சத்தில் இருந்ததால், இவர் வேலை பார்த்த இடத்தின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டார். இன்றைக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர் கம்பெனிப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நடிக்கப் போனால் மனிதவளத் துறையிலிருந்து அன்றைக்கே மின்னஞ்சல் வரும். அந்த ஸ்டுடியோ போய் அங்கே நட்சத்திர ஹோட்டல் வந்துவிட்டது. அருகில் 1973-இல் திறந்த பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தார்கள். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஜெமினி பிரிட்ஜா?" என்பார்.

பெயர் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது என்ற சங்கடத்தை அந்தக் காலத்தில் இப்படித்தான் தீர்த்தார்கள். வக்கீல் கிடையாது. பின்னால் வந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார், அவ்வளவுதான். டி.ஆர். ராமச்சந்திரன் பிரபல நடிகராக இருந்த நாட்களில் எம்.ஜி.ஆரின் பெயர் சில படங்களில் 'எம்.ஜி. ராம்சந்தர்' என்றுதான் வந்தது. பண்ணைப்புரத்து ராஜாவை அறிமுகம் செய்யும்போது, ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருக்கிறாரே என்று பஞ்சு அருணாசலம் 'இளைய' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். 1976-இல் சேர்த்த அந்த 'இளைய', 80 வயது தாண்டிய பிறகும் அவரைவிட்டுப் போகவில்லை.

ஆனால் பெயர் விஷயத்தில் மிகப் பெரிய வேடிக்கை ரஜினிகாந்துடையது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிறந்தபோது அவர் பெயர் சிவாஜி ராவ். நடிக்க வந்தபோது சிவாஜி என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். அவரோ பிறந்தபோது சிவாஜி இல்லை. வி.சி. கணேசனாக இருந்து, அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்து, பெரியார் வாயால் 'சிவாஜி' ஆனவர். ஆக, பட்டமாகப் பெற்றவரிடம் பெயர் நின்றது. பிறப்பிலேயே வைத்திருந்தவர் விட்டுக்கொடுத்தார். பாலசந்தர் தன்னுடைய 'மேஜர் சந்திரகாந்த்' கதையிலிருந்து ஒரு பாத்திரத்தின் பெயரை எடுத்து இவருக்குச் சூட்டினார். அதே கதையில் மேஜராக நடித்ததால்தான் சுந்தரராஜன் 'மேஜர்' ஆனார். ஒரே கதையிலிருந்து ஒருவருக்கு வேலை கிடைத்தது, இன்னொருவருக்குப் பெயர் கிடைத்தது.

இப்படி இரவல் வாங்கிய பெயரைக் காப்பாற்ற ரஜினி சென்னை உயர் நீதிமன்றம் போனார். இந்தியில் ஒரு படத்துக்கு 'மைன் ஹூன் ரஜினிகாந்த்' என்று தலைப்பு வைத்துவிட்டார்கள். 2015 பிப்ரவரியில் தடை கிடைத்தது. ஒருவரைப் பெயர், உருவம், பாணி வைத்து மக்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்றால் அதுவே போதும், குழப்பம் ஏற்பட்டதென்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்கிற போக்கில் அமைந்த அந்தத் தீர்ப்பைப் பிறகு வந்த பல பிரபலங்களின் வழக்குகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது இரண்டு இடங்களில். ஒன்று, 'ரஜினிகாந்த்' என்ற பெயர் என்னுடையது என்று சொன்ன வழக்கின் மனுதாரர் பெயர் சிவாஜி ராவ் கெய்க்வாட். இன்னொன்று, படத்துக்கு வைத்த புதுத் தலைப்பு. 'மைன் ஹூன் பார்ட் டைம் கில்லர்'. நட்சத்திரமாக இருந்தவரைப் பகுதிநேர வேலைக்கு இறக்கிவிட்டார்கள்.

'சூப்பர் ஸ்டார்' கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் காணாமல் போன வேலை ஒன்று நேராக உள்ளே வருகிறது. 1978-இல் 'பைரவி' வெளியானபோது விநியோகஸ்தராக இருந்த கலைப்புலி தாணு, விளம்பரத்தில் அந்தப் பட்டத்தைப் போட்டார். அண்ணா சாலை பிளாசா திரையரங்கில் 35 அடி உயரத்துக்குக் கட்-அவுட் வைத்தார். பட்டம் கொடுத்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் பட்டம் என்பது மேடையில் யாரோ வாயால் சொல்லிவிட்டால் நிலைத்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. யாராவது ஏணியில் ஏறி அதைச் சாயத்தில் எழுதினால்தான் உண்டு. எழுதியவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் கும்பகோணம். ஒரு திரையரங்குக்குப் பின்னால் இருந்த சந்தில் பேனர் வரைகிற ஒருவர் இருந்தார். பள்ளிவிட்டு வரும்போது புத்தகப் பையோடு நின்று பார்ப்பேன். சின்னப் புகைப்படத்தில் பென்சிலால் கட்டம் போடுவார். அதே கட்டங்களைத் துணியில் அடிக்கணக்கில் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை நிரப்புவார். பக்கத்தில் நின்று பார்த்தால் சிவப்பும் நீலமும் மஞ்சளும் திட்டுத் திட்டாகத் தெரியும். தெரு முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அதே திட்டுகள் கன்னமாகி, கண்ணாகி நம்மை முறைக்கும். ரோஜா நிறக் கன்னம், ஊதா நிழல். உண்மையில் எந்த மனிதனுக்கும் அந்த நிறம் கிடையாது, இருந்தாலும் அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

எழுத்துக்குத் தனி நேரம் ஒதுக்குவார். சுண்ணாம்பில் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டில் பெயர் உட்காரும். ஒரு நாள், முகம் வரைவது கஷ்டமா எழுத்து கஷ்டமா என்று கேட்டேன். "மூஞ்சி தப்பாப் போனா திருத்திக்கலாம் தம்பி. பேருல ஒரு புள்ளி விட்டுட்டா மன்றத்துக்காரன் வந்து ஏணிய ஆட்டுவான்" என்றார். பட்டம் ஒரு அடி உயரத்தில் என்றால் பெயர் இரண்டு அடி. எதிர்க் கோஷ்டியின் படத்துக்கு முந்தின வாரம் எத்தனை அடி போட்டோம் என்பதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இது ஒரு தனிப் படிப்பு. இரண்டு நாயகர்கள் நடிக்கும் படம் வந்தால் அவர் முகத்தில் கவலை தெரியும்.

2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு வாரத்து வேலை ஒரு மணி நேரத்தில் உருளையிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நாயகனின் முகத்துக்குக் கீழே, முப்பது பேரின் கடவுச்சீட்டு அளவுப் படங்களும் சேர்ந்து வந்தன. இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் போன 23 வயதுப் பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். அதற்குப் பிறகுதான் 'எங்களுக்குப் பேனர் வைக்காதீர்கள்' என்று நடிகர்களிடமிருந்தும் தலைவர்களிடமிருந்தும் அறிக்கைகள் வரிசையாக வந்தன. எங்கள் ஊர் ஓவியர் அதற்கு வெகு காலம் முன்பே வண்டி நம்பர் பலகை எழுதப் போய்விட்டார். கடைசியாகப் பார்த்தபோது ஒரு பள்ளிச் சுவரில் திருவள்ளுவர் வரைந்துகொண்டிருந்தார். அவருக்கும் ரோஜா நிறக் கன்னம்தான்.

எழுதுகிற கை போனதும் பட்டம் மலிந்தது. தட்டச்சினால் போதும், யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சண்டையும் அப்போதுதான் முற்றியது என்பது என் எண்ணம். 2022 கடைசியில் 'வாரிசு' பட விழா மேடையில் விஜய்யை சூப்பர் ஸ்டார் என்றார்கள். ஒரு பாட்டின் வரிக்கு இரண்டு தரப்பு ரசிகர்கள் மாதக்கணக்கில் பொழிப்புரை எழுதினார்கள். 2023 ஜூலையில் 'ஜெயிலர்' மேடையில் ரஜினி காக்கா, கழுகு கதை ஒன்று சொன்னார். காக்கா யார், கழுகு யார் என்று தமிழ்நாடு ஆறு மாதம் ஆராய்ந்தது. 2024 ஜனவரியில் அவரே, நான் விஜய்யைச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. இந்த அமளியில் எனக்குக் காக்கா ராதாகிருஷ்ணன் ஞாபகம்தான் வந்தது. அவர் இருந்திருந்தால் காக்கா பட்டத்துக்கு உரிமை கோரியிருக்கலாம். ஒருவரும் போட்டிக்கு வந்திருக்க மாட்டார்கள்.

வேறு சிலர் பட்டத்தைக் கழற்றி வைத்தார்கள். 2021 டிசம்பரில் அஜித் 'தல' வேண்டாம் என்றார். 2024 நவம்பரில் கமல் 'உலக நாயகன்' வேண்டாம் என்றார். 2025 மார்ச்சில் நயன்தாரா 'லேடி சூப்பர் ஸ்டார்' வேண்டாம் என்றார். ரசிகர்கள் அறிக்கையை மதித்தார்கள். 'தலயின் அறிக்கை' என்று தலைப்புப் போட்டுப் பகிர்ந்தார்கள்.

பட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: மன்னன், தளபதி, சக்கரவர்த்தி. எல்லாமே காணாமல் போன வேலைகள்! டைப்பிஸ்ட்டாவது நம் கண் முன்னால் போனவர். மன்னர் வேலைக்கு இருந்த கடைசி சம்பளமும், அதாவது மன்னர் மானியம், 1971-இல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தத்தோடு நின்றுவிட்டது. காதல் மன்னனுக்கு மட்டும் அந்தத் திருத்தம் பொருந்தவில்லை. தளபதிக்கோ படை கிடையாது, ஆனால் ஆள் அதிகம். மு.க. ஸ்டாலினைக் கட்சிக்காரர்கள் நெடுங்காலமாகத் தளபதி என்றுதான் அழைத்தார்கள். 1991-இல் ரஜினி அதே பெயரில் ஒரு படத்தில் நடித்தார். விஜய் 'இளைய தளபதி'யாக இருந்து, 2017-இல் 'மெர்சல்' வந்தபோது 'இளைய'வைக் கழற்றிவிட்டு முழுத் தளபதி ஆனார். இளையராஜாவால் செய்ய முடியாதது இவரால் முடிந்தது.

அரசியலுக்குள் போனால் பெயர்ச் சண்டைக்குக் காரம் கூடிவிடுகிறது. விஜய்யின் தந்தை, மகன் பெயரில் கட்சி ஒன்றைப் பதிவு செய்ய, என் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2021-இல் மகன் பெற்றோரையும் சேர்த்து வழக்குப் போட்டார். உலகத்தில் பெயர் வைக்கிற உரிமை பெற்றோருக்கு உண்டு. வைத்த பெயரைப் பயன்படுத்துகிற உரிமை இல்லை என்பது இதனால் விளங்கியது. 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி அவரே கட்சி தொடங்கினார். 'தமிழக வெற்றி கழகம்'. அறிவித்த நிமிடத்திலிருந்து, 'க்' எங்கே என்று தமிழாசிரியர்கள் கேட்கத் தொடங்கினார்கள். சில வாரத்திலேயே 'வெற்றிக் கழகம்' ஆனது. இங்கேயும் எனக்குக் காணாமல் போன ஒருவர்தான் கண்ணில் பட்டார். பழைய அச்சகங்களில் ஒரு மூலையில் மேசை விளக்குக்குக் கீழே, காதில் செருகிய சிவப்பு மைப் பேனாவோடு ஒரு பிழை திருத்துபவர் உட்கார்ந்திருப்பார். கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விட்டால்கூட அவரைத் தாண்டிப் போகாது. அவரை வேலையில் வைத்திருந்தால் அந்த 'க்' முதல் நாளே வந்திருக்கும்.

அத்தோடு முடியவில்லை. 'டிவிகே' என்ற சுருக்கம் எங்களுடையது என்று வேல்முருகனின் தமிழக வாழ்வுரிமைக் கட்சி கிளம்பியது. தமிழில் சுருக்கினால் ஒன்று த.வா.க., மற்றது த.வெ.க. சண்டைக்கே இடமில்லை. சண்டை ஆங்கில எழுத்தில்தான்.

சரி, நீதிமன்றம் போகாமல் தீர்ந்த ஒரு பெயர் வழக்கைச் சொல்லி முடிக்கிறேன். இதில் பிரபலம் யாரும் இல்லை, என் அத்தையைப் பிரபலம் என்று ஒத்துக்கொண்டால் ஒழிய.

எங்கள் ஊரில் பாத்திரக் கடைகள் இருக்கும் தெருவில், கடை வாசல்படியில் பேர் வெட்டுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எவர்சில்வர் பாத்திரம் வாங்கியதும் நேரே அங்கே போகவேண்டும். மடியில் பாத்திரம், ஒரு கையில் சிற்றுளி, ஒரு கையில் சின்னச் சுத்தியல். டிக் டிக் டிக் என்று புள்ளி புள்ளியாகப் பெயர் விழும். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால்தான் நம் வீட்டுப் பாத்திரங்களில் தாத்தா, பாட்டி எல்லோரும் இனிஷியலாகவே இருக்கிறார்கள். யாராவது முழுப்பெயரோடு இருந்தால் அது சீர்ப் பாத்திரம், பெண் வீட்டார் செலவு.

என் அத்தைக்கும் எதிர் வீட்டு மாமிக்கும் ஒரே இனிஷியல். ஆர்.எஸ். ஒரு விசேஷத்துக்குப் பாத்திரங்கள் இங்கும் அங்கும் போய் வந்ததில் ஒரு தூக்கு யாருடையது என்று தகராறு. அத்தை பெயரைக் காட்டினாள். மாமியும் அதே பெயரைக் காட்டினார். இரண்டு வீட்டு ஆண்களும் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் அத்தை அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு பேர் வெட்டுகிறவரிடமே போய்விட்டாள், மாமியையும் கூட்டிக்கொண்டு. நான் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன்.

அவர் தூக்கை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். புள்ளிகளை விரல் நுனியால் ஒரு முறை தடவினார். "இது என் கை இல்லீங்கம்மா. நான் 'ஆர்' போட்டா கால் நீட்டி விடுவேன். இது மூணு கடை தள்ளி இருக்கிறவர் வெட்டினது" என்றார். மாமி முகம் மலர்ந்தது. அவர் மூன்று கடை தள்ளித்தான் வாங்குவாராம். மேல்முறையீடு இல்லை. அத்தை தூக்கைக் கொடுத்துவிட்டாள். திரும்பும் முன் வீட்டிலிருக்கும் மற்ற ஆர்.எஸ். பாத்திரங்களை எல்லாம் மறுநாள் கொண்டுவந்து, பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ வெட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பூவுக்கு இரண்டு எழுத்துக் கூலி கேட்டார். அதற்கு அரை மணி நேரம் பேரம் நடந்தது.

போன தை மாதம் ஒரு உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கப் போனேன். பெயர் வெட்ட வேண்டும் என்றேன். கடைப் பையனுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம், "மெஷின் ரிப்பேர் சார், ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டித் தந்துடறோம், பார்க்க நல்லா இருக்கும்" என்றான். உண்மையிலேயே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு முறை கழுவியதும் ஸ்டிக்கர் உரிந்து வந்துவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். பாத்திரத்தின் அடிப்பக்கத்தில், லேசரில் வெட்டிய கம்பெனிப் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறதாம்.